ஆடி முதல் தேதியில் ஒரு கூடாரம்

சொந்த வீடு, கட்டில், மின்விசிறி எல்லாம் இருக்கிற மனிதர்கள் காசு கொடுத்து வெறுந்தரையில் படுத்துவிட்டு வருவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கேம்பிங். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் அதைக் கண்டுபிடித்து, எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசு என்று செல்போனிலேயே பணத்தையும் கட்டிவிட்டாள். கல்யாண நாள் வைகாசியிலேயே முடிந்துபோயிருந்தது. ஆனால் ஆடியில் தள்ளுபடியாம். துணிக்கடைக்காரர்கள் தொடங்கி வைத்த வியாதி கூடாரக்காரர்கள் வரைக்கும் வந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரு எடத்துக்கும் போனதில்லீல்லம்மா. ஒரு நாளு போய் இருந்துட்டு வாங்க சாமி" என்றாள்.

என் வீட்டுக்காரர் செய்தியைக் கேட்டார். "இத்தன வருசமா நானு எங்க படுத்துட்டு இருந்தேன்னு புள்ளைக்கு யாருமே சொல்லலியா?" என்றார்.

அவர் போர்வெல் ரிக்கில் டிரில்லர். லாரிமேல் ஏற்றிய துளை போடும் எந்திரம், அதன் பின்னால் கம்ப்ரஸர் லாரி, ஒரு சமையல்காரர், ஏழெட்டு ஆட்கள். இந்தக் கூட்டத்தோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று சுற்றி அடுத்தவர் நிலத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது தொழில். எங்கள் வீட்டுக் குழாயில் காற்று மட்டும் வருகிற நாட்களில் இந்தத் தொழிலைப் பற்றி நான் சில வார்த்தைகள் பேசுவதுண்டு. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் தெருவில் வீடு. மகளை வளர்த்தது, வீட்டைக் கட்டியது, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை பார்த்துத் தினமும் நூற்றுக்கணக்கான முட்டைகளை அவித்து உரிக்கச் செய்தது, எல்லாம் நான். அவர் தார்ப்பாய்க் கூடாரத்தில் இருந்தார்.

வடக்கே மழை பிடித்தால் வண்டிக்கு வேலை இருக்காது. ஆனியில் வீட்டுக்கு வருவார், ஆடி முழுக்க இருப்பார். ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். ஊர் உலகமெல்லாம் ஆடி மாதத்தில் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்கும். ரிக் வண்டிக்காரர் வீடுகளில் ஆடியில்தான் புருஷன் என்று ஒருவர் கண்ணிலேயே படுவார்.

இந்த வருடம் ஆனியில் வந்து இறங்கியபோது, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போதும்னு தோணுது" என்று ஒரு வார்த்தை சொன்னார். வண்டி முதலாளி நாமக்கல்லிலிருந்து வாரம் தவறாமல் போன் போட்டார். ஆவணிக்கு வருகிறீர்களா இல்லையா, ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். இவர் "சொல்றேனுங்க, சொல்றேனுங்க" என்பதோடு சரி.

எனக்கு அவர் இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அது ஒன்றுதான் வேண்டும். இருந்தால் வீட்டில் நிம்மதி இருக்காது என்பதும் தெரியும். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்துக்குமேல் பேசிப் பேசி, உப்பு வேண்டும் என்பதைக்கூடப் பக்கத்து ஊருக்குக் கேட்கும்படி சொல்கிற மனிதர். வந்த மறுநாளே என் சமையலறையில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார். பரவாயில்லை, சண்டை போட்டுக்கொள்ளலாம். சண்டை போடவும் ஆள் வேண்டுமே.

ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை. கிளம்புகிற ஆளிடம் எங்கே என்று கேட்கக் கூடாது, போகாதே என்று சொல்லவே கூடாது, பூமிக்குள் இறங்குகிற தொழிலில் சகுனம் கெட்டால் ஆளுக்கே ஆபத்து என்று கல்யாணமான புதிதிலேயே மாமியார் காதில் ஓதிவிட்டார். வாசலில் நின்று "போய்ட்டு வாங்க" என்பது மட்டும்தான் என் வசனம். வருடத்துக்கு ஒரு தடவை மேடையேறிச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். கட்டிலின் கால்மாட்டில் அவர் ஊரிலிருக்கும் நாளெல்லாம் அவருடைய கறுப்புப் பை இருக்கும். ஆடி முழுக்க அதிலிருந்துதான் சட்டையை எடுப்பார், துவைத்து மடித்து அதிலேயே வைப்பார். இந்த வருடமும் பை அதே இடத்தில்தான் இருந்தது. போதும் என்று தோன்றிய மனிதரின் பை அப்படியா இருக்கும் என்று நான் அதை முறைத்துக்கொண்டே வீடு கூட்டினேன்.

ஆடி ஒன்றாம் தேதி மொபெட்டில் கிளம்பினோம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் தேங்காய் சுடும் நோன்பு. சேலம், நாமக்கல் வட்டாரத்தைத் தாண்டினால் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாரெல்லாம் நீக்கித் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கிய தேங்காயின் ஒரு கண்ணைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை வடித்து, வெல்லம், பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, எள், அவல் எல்லாம் உள்ளே திணித்து, மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியை அந்தக் கண்ணில் செருகி, நெருப்பில் வாட்டி, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத் தின்ன வேண்டும். ஆளுக்கு ஒன்று என்று கணக்கு. நான் இரண்டு தேங்காயை முந்தின நாளே தேய்த்து, மற்ற சாமான்களோடு ஒரு கூடையில் வைத்துக்கொண்டேன். அவர் கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு நாளைக்கு எதற்கு அந்தப் பை என்று கேட்டேன். "டென்டுக்குப் போறப்ப பையில்லாம எப்படிப் போவ?" என்றார்.

அணையின் பெயரைச் சொல்ல மாட்டேன், பூங்காக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கொல்லிமலை அடிவாரத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணை என்றால் தண்ணீர் இருக்கும் என்று பெங்களூரில் நினைத்துக்கொள்கிறார்கள். ஐப்பசியில் மழை பெய்தால் உண்டு. ஆடியில் அது வெடித்துக் கிடக்கும் ஒரு பெரிய மண்தட்டு. படகுத் துறையில் வாத்து வடிவப் படகுகள் தரை தட்டி நிற்க, அவற்றின் நிழலில் வெள்ளாடுகள் படுத்திருந்தன. "ஆழம் அதிகம், இறங்காதீர்" என்ற பலகைக்குக் கீழே யாரோ மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடியிருந்த தடம். கரைமேல் பூங்கா. அதில் சிமென்ட்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி, கழுத்துப் பூச்சு உதிர்ந்து உள்கம்பி தெரிந்தது. சிமென்ட் மான் ஒன்று கொம்பில்லாமல் நின்றது.

கூடாரப் பொறுப்பாளர் தொப்பி போட்ட ஒரு வாலிபர், ராசிபுரத்துக்காரர். ஆளுக்கொரு டம்ளர் நன்னாரி சர்பத் கொடுத்து, "இயற்கையோட மடிக்கு நல்வரவுங்க" என்று மனப்பாடமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் சர்பத்தைக் குடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நாலாபக்கமும் பார்த்து, முதல் கேள்வியைக் கேட்டார்.

"நெலத்துக்காரரு எங்கீங்க?"

அந்த வாலிபருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ரிக் வண்டி எங்கே போய் நின்றாலும், நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் வேலையாட்களுக்குச் சோறும் டீயும் கொடுப்பார், அது தொழிலின் வழக்கம். இவர் அணைக்கட்டுக்குச் சொந்தக்காரர் யார், எத்தனை மணிக்குச் சோறு வரும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். இது அரசாங்கத்து அணை, சாப்பாடு நாங்கள்தான் கொடுப்போம், ராத்திரிக்குச் சப்பாத்தியும் பனீரும் என்று அந்தப் பிள்ளை சொன்னதும் இவருடைய முகம் விழுந்துவிட்டது. "வடக்க தின்ன சப்பாத்தி பத்தாதா எனக்கு?" என்று என்னிடம் ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்.

அடுத்துக் கூடாரம் போடும் இடம். கரையோரமாக வேப்பமரத்தடியில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். எங்களுக்கென்று ஒதுக்கியதைக் காட்டினார் பொறுப்பாளர். இவர் அதை ஒரு உதை கொடுத்துப் பார்த்தார். இடம் சரியில்லையாம். ஆணிகளைப் பிடுங்கி, கூடாரத்தைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, அணையின் உள்பக்கம் நீர்பிடிப்பில் இறங்கி, வெட்டவெளியில் ஓர் இடத்தில் காலால் வட்டம் போட்டார். அங்கேயிருந்து மலை நன்றாகத் தெரியும் என்றார். பொறுப்பாளர் பின்னாலேயே ஓடினார். "ஐயா, காத்து அடிக்குமுங்க." "தம்பி, நானு முப்பது வருசமா டென்டுலதான் குடியிருக்கேன்."

நான் மொபெட்டிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அந்தக் காரியம் நடந்துவிட்டது. முதல் ஆணியை அடிப்பதற்குமுன், கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, வட்டத்தின் நடுவில் ஓங்கி உடைத்தார். துளை போடும் இடத்தில் தேங்காய் உடைத்துத்தான் அவர் கைக்குப் பழக்கம். யோசித்துச் செய்ததில்லை, கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. நான் மெனக்கெட்டுத் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கிய தேங்காய் இரண்டாகிச் சேற்று வெடிப்பில் கிடந்தது.

"அது சுடற தேங்காயிங்க!"

"அட" என்றார். கீழே கிடந்த சில்லைப் பார்த்தார். "இன்னொன்னு இருக்குதல்ல?"

கரையோரக் கூடாரம் ஒன்றிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் ஓடிவந்து இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தார்கள். இதுவும் கட்டணத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள் போல.

கூடாரம் நின்றது. நிறுத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். ரிக் முகாமில் தார்ப்பாயின் ஒரு பக்கம் லாரியில் கட்டியிருக்குமாம். இங்கே லாரி இல்லை. மொபெட்டை உள்ளே உருட்டிவந்து ஸ்டாண்டு போட்டு, அதில் ஒரு கயிற்றைக் கட்டினார். இன்னொரு கயிற்றுக்கு ஒன்றும் கிடைக்காமல் கரைமேலிருக்கும் சிமென்ட் மான்வரை கயிறு எட்டுமா என்று பார்த்துவிட்டு, எட்டாததால் விட்டுவிட்டார். உள்ளே பாரத்துக்குக் கறுப்புப் பை. வாசலை மேற்கே வைத்தார். "நல்லா காத்து வரும் பாரு."

அவர் நின்று ரசிக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் அந்தப் படம் பிடித்த ஜோடியிடம் டீ குடிக்கப் போனேன். குமாரபாளையத்துப் பிள்ளைகள். பையன் ஜவுளிக் கம்பெனியில் வேலை. பெண்ணின் கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் இருந்தது. எனக்கு உடனே கணக்குப் புரிந்துவிட்டது.

"ஏங் கண்ணு, உனக்கு இது மொத ஆடிதான? அம்மா ஊட்டுல இல்ல இருக்கோணும்?"

பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தானே போலீசில் சரணடைவதுபோல எழுந்து நின்றான். நேற்றுத்தான் பெண்ணை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அவள் தோழிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவன் தன் வீட்டில் சொன்னது கம்பெனி டிரெய்னிங். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் முன்வாசலிலும் பின்வாசலிலும் ஏறி வந்திருக்கிறார்கள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க்கா" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. என் முதல் ஆடியை அவர்களுக்குச் சொன்னேன். வைகாசியில் கல்யாணம். தாலி கட்டிய சூடு ஆறுவதற்குள் இவர் வடக்கே போய்விட்டார். ஆனிக் கடைசியில் வந்து சட்டையைக் கழற்றிய மறுநாள், என் அம்மா சீர்த்தட்டோடு வந்து நிற்கிறார், பெண்ணை ஆடிக்கு அழைத்துப்போக. யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை, முறை அது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு சேலையை மடித்தேன். இவர் உள்ளே போய்க் கறுப்புப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "அத்தெ, நானும் ஒட்டுக்கா வந்தர்றேனுங்க" என்றார். மாமியார் வீட்டுக்கு ஆடியில் மாப்பிள்ளை போய் உட்கார்ந்தது எங்கள் ஊரில் அது ஒருதடவைதான். தெருவே சிரித்தது. என் அப்பா மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. இவர் திண்டுபோல உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லி முடிக்கும்போதுதான் அது எனக்கே உறைத்தது. அன்றைக்கு என்னோடு வருவதற்குத் தூக்கிய அதே பையைத்தான் அதற்குப்பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் தூக்கியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. ஆடிக்காற்று எங்கள் சமவெளியில் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே புழுதி எழுந்து, கரைமேல் வேப்பமரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மரத்தடியில் இருந்த கூடாரங்கள் படபடத்து நின்றுவிட்டன. மேற்குப் பார்த்து வாசலைத் திறந்து வைத்திருந்த எங்கள் கூடாரம் காற்றை வயிறு நிறையக் குடித்து உப்பி, ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தது. மொபெட்டைக் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்து, குப்புறத் தள்ளி, கயிற்றையும் அறுத்துக்கொண்டு, நீர்பிடிப்பின் நடுவே உருண்டோட ஆரம்பித்தது. உள்ளே கறுப்புப் பையும் சேர்ந்து உருண்டது.

என் வீட்டுக்காரர் ஓடி நான் பார்த்ததே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் அவர் பின்னால். எனக்குப் பின்னால் அந்த ஜோடி. அவர்களுக்குப் பின்னால் தொப்பியைப் பறிகொடுத்த பொறுப்பாளர். வாத்துப் படகுகளின் நிழலில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து நின்று பார்த்தன. இவர் பிடித்துவிட்டார் என்று நினைக்கும்போது கூடாரம் இன்னொரு புரளல் புரளும். ஓடிக்கொண்டே இந்தியில் திட்டினார். கூடாரத்துக்குத் தமிழ் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் ஒரு வேலிக்காத்தான் புதரில் அது சிக்கி நின்றது. இவர் அதன்மேல் விழுந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வந்து சேர்ந்து, மூச்சு வாங்க முடியாமல், வெடிப்பு மண்ணில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன சிரிப்பு?" என்றார் கூடாரத்துக்குமேல் படுத்தபடியே. முகம் முழுக்கப் புழுதி. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "லாரி இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

பொறுப்பாளர் எங்களை வேப்பமரத்தடிக்கே குடிவைத்தார்.

பொழுது இறங்கும்போது நெருப்பு மூட்டினார்கள். கேம்ப் ஃபயராம். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெட்டியில் இங்கிலீஷ் பாட்டு, வாட்டித் தின்பதற்கு ஆளுக்கு இரண்டு மார்ஷ்மெல்லோவாம், பஞ்சுபோல வெள்ளை மிட்டாய். நான் கூடையை எடுத்தேன். "வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லீங்கம்மா" என்றார் பொறுப்பாளர். "இது சாப்பாடு இல்ல சாமி, நோன்பு" என்றேன். மிச்சமிருந்த ஒற்றைத் தேங்காயில் நான் வெல்லத்தையும் எள்ளையும் திணிப்பதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வீட்டில் இந்நேரம் அவருடைய அம்மா சுட்டுக்கொண்டிருப்பாராம். பாட்டுப் பெட்டியை அணைத்தார். "ஒரு சில்லு எனக்கும் குடுங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குச்சியை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஓட்டுக்குள் வெல்லம் கொதிக்கும் வாசனை வந்தது. அந்தப் பெண், நெருப்பைப் பார்த்துக்கொண்டே, தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள்.

"ஒரு மாசந்தாங்க்கா. அதுக்கே என்னால முடியலீங்க. நேத்து ஒரே நாளு, அம்மா ஊட்டுல சோறே எறங்கல."

எனக்குச் சுருக்கென்றது. பாவம் என்று தோன்றவில்லை. கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. ஒரு நாள் சோறு இறங்கவில்லை என்று இவள் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, புருஷன் பக்கத்திலிருக்கும்போதே, முன்பின் தெரியாத ஒரு பொம்பளையிடம் சொல்கிறாள். சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. பையன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நான் எத்தனை ஆவணி வாசலில் நின்றிருக்கிறேன். எனக்கும்தான் சோறு இறங்கவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்த வருடம், லாரி தெருமுனை திரும்பிய பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்குப் பார்த்து அதில் தண்ணீர் வந்தது.

"ஏனுங்க" என்றேன்.

அவர் தேங்காயைத் திருப்பிக்கொண்டே, "ம்" என்றார்.

"ஆவணிக்குப் போவாதீங்க. எனக்கு நீங்க ஊட்டுல இருக்கோணும்."

நாற்காலியில் இருந்த எல்லோரும் நெருப்பையே உற்றுப் பார்த்தார்கள். என் காதெல்லாம் சுட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குச்சியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"தேங்கா வெடிக்கப் போவுது, சித்தெ தள்ளி உக்காரு" என்றார்.

ஓடு வெடித்தது. பிள்ளையாருக்கு இரண்டு சில்லை ஒரு கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு தேங்காயை ஐந்து பேர் பங்கு போட்டோம். உள்ளே பயறும் வெல்லமும் தேங்காய்ப் பருப்போடு வெந்து நன்றாகத்தான் இருந்தது. பதில் மட்டும் வரவில்லை. படுத்தவுடன் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக் கட்டிலில் புரண்டு புரண்டு படுக்கிற மனிதர், கல்லுக்குத்தும் தரையில் பச்சைப்பிள்ளைபோலத் தூங்கினார். காலையில் அந்த ஜோடி இரண்டு பேருந்துகளில் போனார்கள். நாங்கள் கண்ணாடி உடைந்த மொபெட்டில் வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கறுப்புப் பையிலிருந்த அணைப் புழுதியை வாசலில் தட்டி உதறியது. பிறகு அதைக் கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில் பழையபடி வைத்தார். சொல்லியாயிற்று, சொன்ன பிறகும் பை அங்கேயே இருக்கிறது. நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு மோகனூர் போய்க் காவிரியில் குளித்தோம். அங்கேயும் அவர் தண்ணீரின் ஆழத்தைப் பற்றிப் பேசினாரே ஒழிய வேறு ஒன்றும் பேசவில்லை. சமையலறையில் மட்டும் சண்டை ஒழுங்காக நடந்தது.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள். காலையில் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரு திரும்பும் இடத்தில் ஹாரன் கேட்டது. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும் ஹாரன் அது, இழுத்து இழுத்து இரண்டு தடவை. அவர் எச்சில் கையோடு எழுந்து வெளியே போனார்.

நான் போகவில்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலுக்குப் போனால் பழக்கதோஷத்தில் "போய்ட்டு வாங்க" என்று வாய் சொல்லிவிடும். சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார். வெளியே ஆட்களின் பேச்சுக்குரல், ஒரு சிரிப்பு, அப்புறம் கம்ப்ரஸர் லாரியின் உறுமல். ஹாரன் இன்னொரு தடவை. சத்தம் நெடுஞ்சாலைப் பக்கம் தேய்ந்து போனது. நான் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பயமாக இருந்தது.

"தோச தீயுது" என்றார் பின்னாலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி.

திரும்பினேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "மொதலாளிகிட்டப் போன வாரமே சொல்லிப்போட்டேன், வரலீங்கன்னு. வேற ஆளப் போட்டுட்டாங்க. போற வழில ஒரு வார்த்த பேசிட்டுப் போலாமுன்னு பசங்க நின்னானுங்க."

"போன வாரமேவா? எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

"கேட்டனே! தேங்கா சுடறப்ப, அத்தன பேரு முன்னால கேட்டனே!"

"அது கேட்டாப்புலயா இருந்துச்சு? உத்தரவு போட்டாப்புல இருந்துச்சு. உத்தரவுக்கு எவன் அம்மிணி பதில் சொல்லுவான்?"

என் கையில் தோசைக்கரண்டி இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். அழுதேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். இந்தத் தடவை குழாயைத் திறந்து வைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டு உள்ளே போனார். கறுப்புப் பையின் ஜிப்பை இழுத்து, கட்டில்மேல் கவிழ்த்து உதறினார். நான்கு சட்டை, இரண்டு வேட்டி, கிரீஸ் கறை போகாத ஒரு பேன்ட், கொஞ்சம் அணைக்கட்டு மண். அதன் நடுவில் நின்றுகொண்டு, சொந்த வீட்டில் வழி தெரியாதவர்போல என்னைப் பார்த்தார்.

"இதையெல்லாம் எங்க வெக்கறது?"

பீரோவில் இடமே இல்லை. தட்டுத் தட்டாக என் சேலைகள். கீழ்த்தட்டைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தேன். எடுத்த சேலைகளை அந்தக் கறுப்புப் பையில் போட்டுத் திணித்து, ஜிப்பு மூடாததால் முழங்காலை வைத்து அமுக்கி மூடி, நாற்காலி போட்டு ஏறி, பரண்மேல் கைக்கெட்டாத மூலையில் தள்ளிவிட்டு இறங்கினேன். இனிமேல் இந்த வீட்டிலிருந்து யாராவது வடக்கே போவதாக இருந்தால் புதுப் பை வாங்கிக்கொண்டு போகட்டும்.